பிசிறும் பாணியும்: தென்னிந்தியாவின் மரபு மெட்டல்

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் தகடு போடும் வேலையில் இருக்கும் நண்பனுக்கு, பெங்களூர்க் குழுவான க்ரிப்டாஸின் 'பர்ன் அப் த நைட்' தொகுப்பைப் போட்டுக் காட்டினேன். இரண்டு பாட்டு கேட்டான். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா இதத்தான் வெள்ளக்காரன் நாப்பது வருசத்துக்கு முந்தியே வாசிச்சு முடிச்சுட்டானே. இவங்க எதுக்கு மறுபடியும்?" என்றான்.

மரபு ஹெவி மெட்டலை இன்று வாசிக்கும் எந்தக் குழுவும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது. விமர்சகர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமான சொற்களில் கேட்கிறார்கள். என் நண்பனுக்கு அன்று நான் பதிலாகச் சொன்னது ஒரு நாகஸ்வரக்காரரின் பெயரை. காருகுறிச்சி அருணாசலம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்றவர். கோவில்பட்டியில் குடியிருந்தவர். எங்கள் கரிசல் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டியதும் முதலில் கேட்பது பல காலம் அவருடைய நாகஸ்வரமாகத்தான் இருந்தது. அவர் தோடியை எடுத்தால் அதில் ராஜரத்தினத்தின் வழி தெரியும். அதைக் கேட்டுவிட்டு 'இதை இவருடைய குருவே வாசித்து முடித்துவிட்டாரே' என்று பந்தியிலிருந்து எழுந்து போனவர் எவரும் இல்லை. பாணி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஒரு பாணிக்குள் நின்று வாசிப்பவரிடம் நாம் புதுமை கேட்பதில்லை. அந்தப் பாணி அவர் கையில் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறோம். ஹெவி மெட்டலுக்கும் இப்போது அரை நூற்றாண்டு வயதாகிவிட்டது. அதுவும் ஒரு பாணியாகிவிட்டது என்பதை ஏற்றுக்கொண்டால்தான் க்ரிப்டாஸ், விசாகப்பட்டினத்து அகெய்ன்ஸ்ட் ஈவில் போன்ற குழுக்களைச் சரியாகக் கேட்க முடியும்.

இந்தப் பாணி பிறந்த இடத்தை முதலில் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் பர்மிங்காம் அன்று வார்ப்பாலைகளின் ஊர். அங்கே ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த டோனி அயோமி 17 வயதில் ஒரு தகட்டு ஆலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், இயந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்தது. அவர் இடது கைக்காரர் என்பதால் கம்பிகளை அழுத்தும் விரல்கள் அவை. ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொடுத்து ஆறுதல் சொன்னார். ஜாங்கோ தீவிபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பின்னும் கிட்டார் வாசித்தவர். அயோமி ஒரு பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார். அதன்மேல் தோல் துண்டு ஒட்டினார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பிகளைக் கட்டினார். பிறகு 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பில் சுருதியையே இறக்கிக் கம்பிகளைத் தளர்த்தினார். அவருடைய குழுவான ப்ளாக் சப்பாத்தின் அந்தக் கனத்த, இருண்ட நாதத்துக்கு இந்தக் காயமும் ஒரு காரணம். பட்டாசுத் தொழில் நடக்கும் மண்ணில் இந்தக் கதையைக் கேட்பவர்கள் வேறுவிதமாகக் கேட்பார்கள். விரல்களை இழந்த கைகளை நாங்கள் டீக்கடையிலும் பேருந்திலும் தினம் பார்க்கிறோம்.

ஆலை ஓசை அவர்களுடைய இசைக்குள் வந்தது என்று அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நான் அதை உடனே நம்பினேன். ஆலங்குளம் என்றால் வெளியூர்க்காரர்கள் தென்காசிப் பக்கத்து ஊரை நினைப்பார்கள். எங்களுடையது ராஜபாளையத்துக்கும் சிவகாசிக்கும் இடையில், 1970இல் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்ட ஆலங்குளம். சுண்ணாம்புக்கல்லை 1,400 டிகிரிக்கு மேல் சுட்டுக் கிளிங்கர் ஆக்கும் உருளைச் சூளை, நிமிடத்துக்கு ஓரிரு சுற்று என்று மெதுவாகத்தான் உருளும். அதோடு விசிறிகளும் கல் உடைக்கும் ஆலைகளும் சேர்ந்து எழுப்பும் முழக்கம் காதுக்கு வருவதற்குமுன் உள்ளங்காலுக்கு வரும். அதற்கு ஒரு சுருதி உண்டு. சின்ன வயதில் நான் அதோடு சேர்ந்து முணுமுணுத்திருக்கிறேன். கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அத்தை மகன் நகலெடுத்துக் கொண்டுவந்த கேசட்டில் முதன்முதலாக ப்ளாக் சப்பாத்தைக் கேட்டபோது எனக்கு அது அந்நியமாகப் படவில்லை.

பர்மிங்காம் வட்டாரத்திலிருந்து எழுந்த ஜூடாஸ் ப்ரீஸ்ட்தான் இந்த நாதத்துக்கு இலக்கணம் எழுதியது. அதன் கிட்டார்க் கலைஞர் க்ளென் டிப்டன் இசைக்கு வருமுன் பிரிட்டிஷ் ஸ்டீல் ஆலையில் வேலை பார்த்தவர். பிரிட்டனில் உருக்காலைத் தொழிலாளர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்து முடித்த 1980 ஏப்ரலில் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்ற பெயரிலேயே அவர்களுடைய தொகுப்பு வெளிவந்தது. அதில் இயந்திர மனிதர்கள் நடந்துவரும் ஓசை ஒன்று உண்டு. கரண்டிகளும் முட்கரண்டிகளும் நிறைந்த தட்டைக் குலுக்கி அதைப் பதிவு செய்தார்கள். அட்டையில் ஒரு கை சவர பிளேடைப் பிடித்திருக்கும். என் அச்சக நண்பனுக்கு இசையைவிட இந்த அட்டைகளில்தான் முதலில் மனம் போயிற்று. 1982இன் 'ஸ்க்ரீமிங் ஃபார் வெஞ்சன்ஸ்' அட்டையில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த வெளியில் பாயும் உலோகப் பறவையைக் காட்டியதும், "இது நம்ம ராக்கெட் வெடி லேபிள்ல இருக்க வேண்டியதுல்ல" என்றான். அவன் சொன்னது உண்மை. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களும் மெட்டல் அட்டைகளும் ஒரே கண்ணுக்காகத் தீட்டப்பட்டவை. தூரத்திலிருந்து பார்த்தாலும் பற்றிக்கொள்ள வேண்டும், சின்னப் பையனின் மனதில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த வண்ணங்களில் கூச்சமே கிடையாது.

1979 மே மாதம் லண்டனின் 'சவுண்ட்ஸ்' வார இதழ் பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை என்று ஒரு பெயரைச் சூட்டியது. அயர்ன் மெய்டன், சாக்ஸன், டைமண்ட் ஹெட் எல்லாம் அந்த அலையில் வந்தவர்கள். பாணியின் உறுப்புகள் அப்போதே உறுதியாகிவிட்டன. நம் காதுக்குத் தெரிந்த சொற்களிலேயே அவற்றைச் சொல்லிவிட முடியும்.

முதலாவது பிசிறு. கோயில் பொங்கலுக்கு ரேடியோ செட் போடும் அண்ணாச்சிகள் குழாய் பிசிறடித்தால் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைப்பார்கள். ஆம்ப்ளிஃபையர் தன் சக்திக்கு மேல் தள்ளப்படும்போது ஒலியலையின் தலை வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையில் மூலச் சுரத்தோடு அதன் மேல்சுரங்களும் கூட்டமாக எழுகின்றன. அண்ணாச்சிக்கு அது பழுது. மெட்டல்காரன் அதையே நாதமாக்கிக்கொண்டான். வால்வு ஆம்ப்ளிஃபையரில் இந்த வெட்டு மழுங்கலாக விழும் என்பதால் பழைய பாணிக் குழுக்கள் இன்றும் வால்வை விடுவதில்லை. வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையிடம் அந்த வெதுவெதுப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது குதிரை நடை. ஒரு நெடில், இரண்டு குறில்: தா தக, தா தக. உள்ளங்கை விளிம்பால் கம்பியை லேசாக அமுக்கிக்கொண்டு இப்படி அடிக்கும்போது குளம்பொலி எழும். மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் இதைப் பேஸ் கிட்டாரில் வெறும் விரல்களால் வாசித்தார். அதற்குமேல் இரட்டைக் கிட்டார். நாகஸ்வரத்தில் இரண்டு பேர் சேர்ந்து வாசித்தாலும் ஒரே சுரத்தில்தான் நிற்பார்கள். திருவீழிமிழலை சகோதரர்களின் பெருமையே இரண்டு வாத்தியம் ஒன்றாகக் கேட்பதில் இருந்தது. மெட்டலில் இரண்டாவது கிட்டார் மூன்றாம் சுரம் தள்ளி நின்று அதே மெட்டைத் தொடரும். இரண்டும் நிழலும் உருவும்போல ஒன்றையொன்று தொடாமல் போகும். தின் லிஸி என்ற குழுவின் வழியாக வந்து, ப்ரீஸ்ட்டிலும் மெய்டனிலும் நிலைத்த வழக்கம் இது. கடைசியாகக் குரல். ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபர்டு தொடும் மேல் ஸ்தாயியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒலிவாங்கி இல்லாத காலத்து நாடக மேடைகள் நினைவுக்கு வரும். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்டப் பாடியது இந்த உயரத்தில்தான்.

1990களில் இந்தப் பாணி ஓய்ந்தது. பிறகு வந்த மெட்டல் வேகத்தையும் உறுமலையும் நோக்கிப் போயிற்று. கணினிப் பதிவு வந்ததும் முரசின் ஒவ்வோர் அடியும் கட்டத்துக்குள் அடுக்கப்பட்டது. ஒலியளவை ஏற்றி ஏற்றி மூச்சுவிட இடமில்லாமல் செய்தார்கள். மெட்டாலிகாவின் 2008 தொகுப்பான 'டெத் மேக்னடிக்' இந்த நெரிசலுக்காக ரசிகர்களிடமே கண்டனம் வாங்கியது. பழைய பாணிக்குத் திரும்பியவர்களை வெறும் ஏக்கக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவே காரணம். அவர்கள் திரும்பத் தேடியது அடிக்கும் அடிக்கும் இடையிலிருந்த காற்றை. ஸ்வீடனின் ஆர்விகா என்ற சிறு நகரில் 2004இல் தொடங்கிய என்ஃபோர்சர், கனடாவின் கால்ட்ரன், இந்தப் பாணிக்கென்றே 2003 முதல் தென் ஜெர்மனியில் நடக்கும் 'கீப் இட் ட்ரூ' விழா என்று ஒரு வட்டம் உருவாயிற்று. நம்மவர்கள் போய்ச் சேர்ந்த வட்டம் அதுதான்.

*

இந்தியாவில் இந்த இசை பரவிய விதம் சிற்றிதழ்க்காரர்களுக்குப் புரியும். 1993இல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற இதழ்தான் சிதறிக்கிடந்த குழுக்களை ஒன்றையொன்று அறியச் செய்தது. பெருநகரம் எதுவும் இல்லை, அலகாபாத். 2012 ஜனவரியில் அவர் கோவாக் கடலில் மூழ்கி இறந்தபோது நாடெங்கும் குழுக்கள் துக்கம் காத்தன. மேடை என்று பார்த்தால் கல்லூரி விழாக்களே பெரும்பாலும். பெங்களூர்ச் சட்டப் பள்ளியின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்', சென்னை ஐஐடியின் 'சாரங்'. ஸ்வீடனின் ஓபெத் 2009இல் சென்னைக்கு வந்ததும் சாரங்குக்குத்தான். 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்த இரவை ஒரு தலைமுறை இன்னும் தேதி தவறாமல் சொல்கிறது. சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் இரவு ரயில்களில் கறுப்புச் சட்டைகள் போயின. 2011 அக்டோபர் 30இல் அதே மைதானத்துக்கு மெட்டாலிகா வந்தது.

அந்த ஆண்டுகளில் இந்திய மெட்டலின் பெரும்பகுதி தீவிர வடிவங்களையே தேர்ந்துகொண்டது. மும்பையின் டெமோனிக் ரிசரெக்ஷன், பயானக் மவுத் போன்றவை அந்தப் பக்கம். பழைய பாணியைப் பிடித்துக்கொண்டவர்கள் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மையில் மூத்த குழு க்ரிப்டாஸ்.

1998இல் பெங்களூரில் தொடங்கியவர்கள். முதல் தொகுப்பு 'ஸ்பைரல் அசென்ட்' 2004இல். 'தி ஆர்க் ஆஃப் ஜெமினி' 2008இல். இந்த இரண்டிலும் சிக்கலான தாளங்களும் நீண்ட திருப்பங்களும் உண்டு. திறமையைக் காட்டியாக வேண்டிய வயதின் இசை. 2012இன் 'தி காயில்ஸ் ஆஃப் அபோலியன்' இடைப்பட்ட நிலை. 2016இல் 'பர்ன் அப் த நைட்' வந்தபோது தேவையற்றதெல்லாம் உதிர்ந்திருந்தது. நடுத்தர வேகம், நாலைந்து சுரங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு ரிஃப், அதன்மேல் இரட்டைக் கிட்டார் மெட்டு, முடிந்தது பாட்டு. பிறகு 'ஆஃப்டர்பர்னர்' 2019, 'ஃபோர்ஸ் ஆஃப் டேஞ்சர்' 2021, 'டெசிமேட்டர்' 2024. மற்ற குழுக்கள் எளிமையிலிருந்து சிக்கலுக்குப் போகும். இவர்கள் வயதாக ஆக எளிமைக்கு வந்தார்கள். என் கணக்கில் இதுதான் இவர்களுடைய பெரிய சாதனை. சங்கீதத்தில் துக்கடாவைச் சுத்தமாகப் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு, நாலு சுரத்தில் ரிஃப் அமைப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். மறைந்துகொள்ள இடம் கிடையாது.

பாணிக்குள் இவர்கள் செய்த தனி மாற்றம் குரலில் இருக்கிறது. நோலன் லூயிஸ் ஹால்ஃபர்டுபோல உயரப் போவதில்லை. தொண்டையை உரசிக் கொண்டுவரும் கரகரப்பில் பாடுகிறார். மெட்டுக்களின் இனிமை முழுவதையும் கிட்டார்களிடம் விட்டுவிட்டுக் குரலை அவர் தாளக் கருவியாக்கிவிடுகிறார். முதலில் கேட்பவருக்கு இது ஒட்டாததுபோல இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ரோஹித் சதுர்வேதியும் அவரும் வாசிக்கும் இரட்டை மெட்டுக்களில் 1980களின் ஜெர்மன் குழுக்களுடைய பளபளப்பு உண்டு. அந்தப் பளபளப்பு தித்திப்பாகிவிடாமல் தடுப்பது இந்தக் கரகரப்புதான். நல்லெண்ணெய் தாளித்த குழம்பில் புளி நிற்பதுபோல.

2013இல் இவர்கள் ஜெர்மனியின் வாக்கன் திறந்தவெளி விழாவில் வாசித்தார்கள். வாக்கன் ஏறக்குறைய 2,000 பேர் வாழும் ஒரு விவசாய ஊர். விழா 1990இல் தொடங்கியது. இப்போது ஆண்டுதோறும் அந்த ஊர் வயல்வெளியில் உலகம் முழுவதிலிருந்தும் பல்லாயிரம் பேர் சேற்றில் நின்று மெட்டல் கேட்கிறார்கள். இருக்கன்குடி ஆடித் திருவிழாவுக்கு நடந்து வரும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

வெளிநாட்டுக் காதுகள் இந்தியக் குழுவிடம் எதிர்பார்ப்பது சித்தார். இல்லாவிட்டால் ஒரு கர்நாடக ராகம், வேத மந்திரம், தபலா. அந்த வழியில் நல்ல இசை வந்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். கொச்சியின் மதர்ஜேன் 2008இல் 'மக்தூப்' தொகுப்பில் பைஜு தர்மஜனின் கிட்டாரில் கமகத்தைக் கொண்டுவந்தது. கண்ணூரின் த டவுன் ட்ராடன்ஸ் வடகேரளத்து நாட்டார் மரபை மெட்டலில் ஏற்றியது. க்ரிப்டாஸ் இந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற மறுத்துவிட்டது. ப்ரீஸ்ட்டின் பாணி பர்மிங்காம்காரனுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு எங்களுக்கும் சொந்தம் என்று அடையாள அட்டை காட்டாமலே உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சென்னையில் பிறக்காதவன் கர்நாடக சங்கீதம் பாடினால் அவனுடைய ஊர்ப் பாட்டைக் கலந்துதான் பாட வேண்டும் என்று நாம் சொல்வதில்லையே.

*

அகெய்ன்ஸ்ட் ஈவில் இன்னும் இளைய குழு. 2014இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கியது. 2018இல் 'ஆல் ஹெய்ல் த கிங்', 2021இல் 'எண்ட் ஆஃப் த லைன்'. இவர்களுடைய ஊரைச் சொன்னதும் எனக்கு உருக்காலைதான் நினைவுக்கு வரும். 1966இல் 'விசாக உக்கு ஆந்திருல ஹக்கு' (விசாகப்பட்டினத்து உருக்கு ஆந்திரரின் உரிமை) என்று தெருவுக்கு வந்த மக்கள் போராட்டத்தில் 32 பேர் உயிரிழந்தார்கள். 1971இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அந்த 'உக்கு' நம்முடைய உருக்குக்கு உறவு. தென்னாட்டு உருக்குக்கு ஐரோப்பியர் வைத்த 'ஊட்ஸ்' என்ற பெயரும் இந்தச் சொல்லிலிருந்து போனது என்பார்கள். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த பழைய உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. உருக்காலையால்தான் விசாகப்பட்டினத்தில் மெட்டல் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்வது கதை கட்டுவதாகும். உருக்காலைக் குடியிருப்பும் துறைமுகமும் உள்ள ஓர் ஊரில் இந்த நாதத்துக்குக் காது தயாராக இருக்கும் என்று மட்டும் சொல்வேன். பெங்களூரின் மேடைகளும் கடைகளும் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு இவர்கள் தங்கள் தொகுப்புகளைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள் என்பது சிற்றூர்க்காரனான எனக்கு முக்கியம்.

இசையில் இவர்கள் க்ரிப்டாஸுக்கு நேர் எதிர்முனை. சிரி பேஸ் வாசித்தபடி தெளிந்த குரலில் பாடுகிறார். கோரஸ் பகுதியில் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள், கேட்பவனும் கத்த வேண்டும் என்பதற்காகவே அமைந்த மெட்டுக்கள். வேகம் அதிகம். இரட்டை உதை முரசு சரவெடிபோலக் கோத்துக்கொண்டு வரும். (உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23இல் சரவெடிக்குத் தடை விதித்த பிறகு, அந்த ஓசையைப் பாட்டில் மட்டும் கேட்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் வளர்கிறார்கள்.) முதல் தொகுப்பில் முன்னோர்களின் சாயல் சற்று அதிகம். இந்த இடம் மெய்டன், இந்த இடம் ஜெர்மனியின் ஆக்செப்ட் என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். இரண்டாவதில் அந்தத் தையல் மறைந்துவிட்டது. பாடல் வரிகள்தான் இன்னும் பலவீனம். வாள், நெருப்பு, அரசன், போர் என்ற பழைய பெட்டியிலிருந்தே சொற்களை எடுக்கிறார்கள். பாணியை வாங்கிக்கொள்ளும்போது சொற்களையும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் குறை.

தெற்கைத் தாண்டி ஒரு குழுவையும் சொல்லிவிட வேண்டும். காங்டாக்கின் கிரிஷ் அண்ட் த க்ரானிக்கிள்ஸ் ஹார்ட் ராக்குக்கும் ஹெவி மெட்டலுக்கும் இடையில் நிற்கிறது. கிரிஷ் பிரதானின் மேல் ஸ்தாயிக் குரல் இந்தியாவில் இந்தப் பாணிக்கு வாய்த்த மிகச் சிறந்த குரல். வேறொன்றும் சேர்க்க வேண்டியதில்லை, கேட்டுப் பாருங்கள்.

*

இனி நம் வீட்டுக் கதை. தமிழர்கள் மெட்டலில் இல்லாமல் இல்லை. 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா தமிழ் இளைஞர்களின் குழு. கதிரேசன் பாடி, பேஸ் வாசித்தார். 2005இல் 'பிரம்மவித்யா: ப்ரைமார்டியல் ஐ' தொகுப்போடு ஒரு நீண்ட வேதாந்த வரிசையைத் தொடங்கினார்கள். அது மரபு மெட்டல் வகையல்ல, இறுகிய டெத் மெட்டல். அவர்களுடைய மொழி பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். சென்னைக் குழுக்களும் ஆங்கிலத்திலேயே நின்றன. ஏ.ஆர். ரஹ்மான் இளமையில் இருந்த நெமெசிஸ் அவென்யூ தொடங்கி, சென்னையின் ராக் மேடை கல்லூரி ஆங்கிலத்தின் மேடையாகவே வளர்ந்தது. கிட்டாரின் விலையும் அதற்கு ஒரு காரணம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறிய பிறகுதான், பிசிறடிக்கும் கிட்டாருக்கு மேல் சென்னைத் தமிழ் எவ்வளவு இயல்பாக நிற்கும் என்று பெரும் கூட்டம் பார்த்தது. அது மெட்டல் இல்லை, கானாவும் ராக்கும் கலந்தது. ஆனாலும் ஒரு வழி திறந்தது.

தமிழ் மெட்டலுக்கு ஒத்துவராது, மென்மையான மொழி என்று சொல்பவர்களைச் சந்திக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. தொல்காப்பியம் சொல்லும் இருபது வண்ணங்களில் வல்லிசை வண்ணம் உண்டு, உருட்டு வண்ணம் உண்டு, முடுகு வண்ணம் உண்டு. பெயர்களே ரிஃபுக்கு வைத்ததுபோல இருக்கின்றன. ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சிப் பந்தி வைக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் அந்தப் பந்தியை ஓவியமாகத் தீட்டினால் எந்த மெட்டல் அட்டையும் அருகில் நிற்காது. சந்தமும் காட்சிக்குக் காட்சி வேகம் மாறும்.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்று இருக்கிறது. கிட்டார்க் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும்போது நாதம் முழுதாக எழாமல் பாதியில் அவிந்துவிடும். மெட்டலின் தாள உணர்ச்சி முழுவதும் அந்த அவிதலில்தான் இருக்கிறது. தமிழில் அதற்கு இலக்கணமே உண்டு, குற்றியலுகரம். நெருப்பு, இரும்பு, முரசு, எஃகு என்ற சொற்களின் கடைசி உகரம் ஒரு மாத்திரை முழுதாக நிற்பதில்லை, பாதியில் அடங்குகிறது. ஆங்கிலத்தில் இந்தக் குழுக்கள் வலிந்து தேடும் அந்தச் சட்டென்ற நிறுத்தம் நம் பேச்சிலேயே இருக்கிறது.

பாடுபொருளுக்கும் பஞ்சமில்லை. மெட்டல் பாடல்களில் கந்தகம் என்றால் நரகம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கந்தகம் மூட்டைக் கணக்கில் லாரியில் வந்து இறங்கும். வெடியுப்பும் கந்தகமும் கரியும் அலுமினியத் தூளும் கலந்ததை இங்கே 'மருந்து' என்பார்கள். மாலையில் வேலை முடிந்து திரும்பும் பெண்களின் முன்கை வெள்ளியாக மின்னும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் நாற்பது பேருக்கு அருகில் இறந்தார்கள். அதன் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் ஊரில் புகை எழுகிறது. அந்தச் சாவுகளுக்கு இங்கே ஒப்பாரி உண்டு. ஆத்திரத்தைப் பாட இங்கே வடிவம் இல்லை. ஆஸ்டன் பையன்களுக்கு அது இருந்தது. அவர்களும் எங்களைப்போலவே ஆலைச் சங்குக்கு எழுந்தவர்கள்தான்.

சென்ற கார்த்திகையில் ராஜபாளையத்தில் ஒரு பையனைச் சந்தித்தேன். நூற்பாலைத் தொழிலாளியின் மகன், பாலிடெக்னிக் படிக்கிறான், தவணையில் வாங்கிய கிட்டார் வைத்திருக்கிறான். க்ரிப்டாஸின் ரிஃபுகள் பத்துப் பன்னிரண்டு அவன் கையில் சுத்தமாக வருகின்றன. தமிழில் பாட்டுக் கட்ட ஆசை, எதை வைத்துத் தொடங்கலாம் அண்ணே என்று கேட்டான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை வைத்துப் பார் என்றேன். கழுகுமலை முருகனுக்காகப் பிறந்த சிந்து, நம் மண்ணின் தாளம், காவடி தூக்கும் கால்களுக்கென்றே அமைந்த நடை. இளம் வயதிலேயே மறைந்துபோன கவிஞர் அவர் என்பதையும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். குதிரை நடையில் சிந்து உட்காரவில்லை என்றான். அவன் சொன்னது சரி. மெய்டனின் குதிரை நாலு எண்ணிக்கையில் ஓடும், தா தக. சிந்து மூன்றில் துள்ளும், தகிட தகிட. வார்த்தையை இழுத்தால் சந்தம் கெடுகிறது, கிட்டாரை இழுத்தால் குதிரை நொண்டுகிறது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். பிறகு 1976இல் தின் லிஸி வாசித்த 'த பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' பாட்டைக் கேட்கச் சொன்னேன். அதுவும் இரட்டைக் கிட்டார்ப் பாட்டுதான், ஆனால் அந்தப் பாட்டின் நடை மூன்று மூன்றாக ஊஞ்சலாடும்.

மறுநாள் காலை வாட்ஸாப்பில் நாற்பது வினாடிப் பதிவு ஒன்று வந்திருந்தது. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே ஒரே கிட்டார், காலால் தரையில் தட்டிக்கொள்ளும் தாளம், மெட்டு இன்னும் பாதி. கீழே எழுதியிருந்தான்: "இப்போ உக்காருதுண்ணே. ரெண்டாவது கிட்டாருக்கு ஆள் வேணும்."